ஏழு காதுகள்

சந்தைக்கேரியில் அந்த அம்மாளின் சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘யாரு ஹேளித்ரம்மா’ என்பார்கள். யார் சொன்னது என்று கன்னடத்தில் கேட்பது அது. எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தக் கேள்விதான் என்பதால் அதையே பெயராக்கிவிட்டார்கள். பிரசவம் பார்க்கிற நர்ஸ். வெள்ளைச் சேலை, கையில் பிரசவப் பை, காலில் ஆண்கள் போடுகிற செருப்பு. அவர் வருவதைப் பார்த்ததும் வெற்றிலைக் கடைக்காரர் எதிர்க்கடைப் பக்கம் திரும்பி, “மழை வரப்போகுதாம்” என்பார். “யாரு ஹேளித்ரு?” என்பார் எதிர்க்கடைக்காரர். இருவரும் சிரிப்பார்கள். அந்த அம்மாள் நின்று, உள்ளங்கையை நீட்டி, வானத்தைப் பார்த்து, “இன்னும் வரல” என்று சொல்லிவிட்டுப் போவார். கேலி செய்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் காதில் விழுந்த செய்தியைச் சரிபார்க்காமல் விட அவருக்கு மனம் வராது.

அந்த அம்மாள் போகிற மாதா கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையற்காரக் கிழவர் ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லி எல்லாரும் ஜெபத்துக்கு முழங்கால் போட்டார்களாம். இந்த அம்மாள் மட்டும் எழுந்து வெளியே போனாராம். கால் மணி கழித்துத் திரும்பி வந்து, “ரசம் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். ஜெபத்த ஆரோக்கியத்துக்குன்னு மாத்திக்குங்க” என்றாராம். இதை நான் பார்க்கவில்லை. அந்தக் கோயிலுக்குப் போகிற இருவர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், தனித்தனியே சொன்னார்கள். இப்படிப் பிரித்துச் சொல்வது அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஒட்டவேண்டிய நேரத்தில் ஒட்டவில்லை.

அவருடைய பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை அந்தப் பெயருக்கு மேலே நான் எழுதியது போதும். அதனால் சென்னம்மா என்ற சலவைக்காரி குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த அம்மாளைப் புகழ்வதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது.

நான் கொள்ளேகாலம் பக்கம் ராமாபுரத்துக்காரன். கன்னடமும் தமிழும் நன்றாக எழுதுவேன் என்பதால் மைசூருக்கு வந்தேன். சந்தைக்கேரியில் தானிய மண்டி வைத்திருந்த பெரியவர் கொள்ளேகாலத்துக்காரர். ஊர்ப் பாசத்தில் என்னைத் தன் மண்டியில் எழுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார். நிரந்தரம் என்று சொல்லவில்லை. நானும் என் மனைவியும் சந்தைக்குப் பின்னால் ஓர் இருட்டறையில் இருந்தோம். தண்ணீருக்குப் படிக்கிணற்றுக்குப் போகவேண்டும். நாற்பது படி. வயிற்றுப் பிள்ளையோடு அவள் அந்தப் படியில் குடத்தைச் சுமந்து ஏறுவாள். என் மூத்த மகளை எடுத்தவர் அந்த அம்மாள்தான். பிள்ளை பிறந்ததும் வெளியே வந்து, “மணி என்ன கிளார்க்கரே?” என்றார்.

“பத்து இருக்குமுங்க சிஸ்டரம்மா.”

“யாரு கடியாரம்?”

“அரமனைக் கடியாரம் அடிச்சதுங்க.”

“நீங்க எண்ணுனீங்களா?”

நான் எண்ணவில்லை. பிள்ளை பிறக்கிற நேரத்தில் எவன் எண்ணுவான். அவர் தன் குறிப்பில் ‘பத்து என்று தகப்பன் சொல்கிறார்’ என்று எழுதினார். எனக்குக் கோபம் வந்தது.

பிளேக் எங்கள் கேரிக்குள், எங்கள் தெருவுக்குள், வந்தது அதற்கு அடுத்த வருஷம். எலி விழுந்தது, கட்டி கிளம்பியது, ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளில் போய் இருந்தார்கள். மண்டிக்காரரின் இளைய மகன் மூன்றே நாளில் போய்விட்டான். இருபது வயது. அதன்பின் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சுகாதார சபை வைத்தார்கள். மண்டிக்காரர்தான் தலைவர். நோய் எங்கள் கேரிக்குள் எப்படி வந்தது என்று விசாரித்து அறிக்கை எழுதி அச்சிட வேண்டும் என்றார்கள். எல்லார் வாயிலும் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. சலவைக்காரி சென்னம்மா வெளியூரில் பிளேக்கில் செத்தவனுடைய துணியை வெளுக்கக் கொண்டுவந்தாள், அதிலிருந்து பரவியது. அறிக்கையும் அதையே சொல்லிவிட்டால் அவள் குடும்பத்துக்கு ஏரிக்கரைக் குடிசையில் இடமில்லை. இது எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

சமையலறை வரை போய்ப் பெண்களிடம் கேட்க ஆண்களால் முடியாது என்பதால் விசாரணையை அந்த அம்மாளிடம் கொடுத்தார்கள். நகல் எழுத நான்.

அவர் வாக்குமூலம் எழுதுகிற விதத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் எங்கும் பார்த்ததில்லை. நோட்டில் இடது பக்கம் நாலு விரல் அகலத்துக்கு ஓரம் விடுவார். வலது பக்கம் சொன்னவர் முதலில் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுவார், பின்னால் வரும் திருத்தம் ஓரத்துக்குப் போகும். ஓரத்தில் படம் வரைவார். தானே பார்த்ததைச் சொன்னால் ஒரு கண். கேட்டதைச் சொன்னால் ஒரு காது. அந்தக் காதிலிருந்து ஒரு கோடு கிளம்பி, யார் சொல்லிக் கேட்டார்களோ அந்த ஆளின் பெயருக்குப் போகும். சொல்கிறவருக்கு அப்படிச் சொல்வதால் ஏதாவது கிடைக்கும் என்றாலும், ஏதாவது மறையும் என்றாலும், பக்கத்தில் ஒரு கை. “கை வாங்கறதுக்கு மட்டும் இல்ல, மூடறதுக்கும் கைதான்” என்பார்.

முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதி அதன் பக்கத்திலேயே ஒரு கை வரைந்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“என் சேலை வெளுக்கறது சென்னம்மா. அவ மேல எனக்குப் பிரியம். அது தெரியணும் இல்லையா, படிக்கிறவங்களுக்கு?”

தையற்காரர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே தையற்காரர் மனைவி பேசுவது கேட்டது.

“நானே பாத்தேன் சிஸ்டரம்மா. கழுதை மேல மூட்டை. செவப்புக் கரை போட்ட துப்பட்டி தொங்கிக்கிட்டு இருந்துச்சு.”

“நீங்க எங்க நின்னீங்க?”

“வாசல்லதான்.”

“கழுதை எந்தப் பக்கமாப் போச்சு?”

“ஏரிப் பக்கமா. இதெல்லாமா எழுதுவாங்க?”

“சென்னம்மா கழுதை போன தசராவுலயே செத்துப்போச்சும்மா. மூணு மாசமாத் தலையிலதான் சுமக்கறா.”

பிறகு அந்தப் பெண் குரலை இறக்கி, “கழுதைன்னுதான் பூக்காரி வீட்ல சொன்னாங்க” என்றாள்.

“மத்தெ, அப்போ அதச் சொல்லுங்க. தப்பில்ல. கேட்டது கேட்டதுதான்.”

வெளியே வந்து, ஓரத்தில் வரைந்திருந்த கண்ணை ரப்பரால் அழித்துவிட்டுக் காதை வரைந்தார். அதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அழித்த தூளை ஊதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

இப்படி ஏழு பேர். ஏழு பேரும் ‘சிவப்புக் கரை போட்ட துப்பட்டி’ என்றார்கள். ஒருவர்கூடப் போர்வை என்றோ கம்பளி என்றோ சொல்லவில்லை. எனக்கு அது உறுதியான சாட்சியாகப் பட்டது. அப்படியே சொன்னேன்.

“ஏழு பேரு பாத்தா ஏழு விதமாச் சொல்லணும் கிளார்க்கரே. ஒரே மாதிரிச் சொன்னா ஒரே வாயிலருந்து வந்திருக்கு.”

கோடுகளைப் பிடித்துக்கொண்டு போனார். தையற்காரர் வீட்டிலிருந்து பூக்காரிக்கு, பூக்காரியிலிருந்து எண்ணெய்க்காரருக்கு, இப்படியே போய் ஏழு காதுகளின் கோடுகளும் மண்டி மேஸ்திரியின் பெயரில் வந்து சேர்ந்தன. மேஸ்திரி என்பவன் மண்டிக் கிடங்கை மேற்பார்த்தவன். அவனிடம் யார் சொன்னது என்று கேட்டார். அவன் மூன்று பேரைச் சொன்னான். மூன்று பேரிடமும் போனார். மேஸ்திரிதான் எங்களுக்குச் சொன்னான் என்றார்கள் மூன்று பேரும். திரும்பி வந்து மேஸ்திரி பெயரின் பக்கத்தில் பெரிய கையாக ஒன்று வரைந்தார்.

கை எதற்கு என்றால், தெரு கூட்டுகிற முனியம்மா சொன்னதற்காக. கேரியில் முதல் ஆள் விழுவதற்கு ஒரு வாரம் முந்தியே மண்டிக் கிடங்கின் பின்வாசலில் செத்த எலிகளை அவள் ஒரு கூடை அள்ளியிருக்கிறாள். குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடச் சொன்னவன் மேஸ்திரி. வாயைத் திறக்காதே என்றும் சொல்லியிருக்கிறான். இதுதான் அந்த நோட்டில் இருந்த ஒரே கண். ஆனால் முனியம்மாவிடமும் கேட்டார், “உனக்கும் மேஸ்திரிக்கும் சண்டை ஏதாச்சும் உண்டா?”

“ஒரு தடவ என் கூடைய எட்டி ஒதச்சான்மா.”

கண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கை வரைந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நம்ம சாட்சிக்கே கை போடறீங்களேங்க.”

“நம்ம சாட்சின்னு ஒண்ணு இருக்கா கிளார்க்கரே?”

மறுநாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் போய்க் குழியைக் கிளறிப் பார்த்தார். மேலே கெட்டிப்பட்ட சுண்ணாம்பு. அதற்குக் கீழே தோண்டக் கூடாது என்று அவருக்குத் தெரியும், நோய் ஒட்டும். ‘சுண்ணாம்பு பார்த்தேன். எலி பார்க்கவில்லை’ என்று எழுதினார். எலி பார்த்தேன் என்றே எழுதிவிடுங்கள், எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே, சென்னம்மா பிழைப்பாள் என்று நான் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அவளுக்காகப் பொய் சொல்லும்படி அந்த அம்மாளிடம் மன்றாடியவன் நான்.

“நான் பாக்காததச் சும்னே எழுதினா அப்புறம் இந்த நோட்டுல எதுக்கு மதிப்பு?” என்றார்.

அவர் கணவர் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினார், நகலை ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது. காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று இரண்டு கடிதம் வந்ததாம். இவர் அழவில்லை. சொந்தக்காரப் பெண்கள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். ரயில் ஏறிப் போனார். கடிதம் எழுதியவன் பக்கத்து லயன் வீட்டு வரிசையில் கேட்டு எழுதியிருந்தான். பக்கத்து லயன்காரன் சமையல்காரனிடம் கேட்டிருந்தான். சமையல்காரன் இன்னொருவனைக் காட்டினான்.

“நாலாவது ஆளு. அவன்தான் அவரு கண்ண மூடினவன். அவன் கையப் பிடிச்சுக்கிட்டு அங்கதான் அழுதேன். கேள்விப்பட்டு அழ எனக்கு வராது கிளார்க்கரே.”

பிறகு, “ம், அடுத்த வரி படிங்க” என்றார்.

நகல் விஷயத்தில் என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதல் பத்துப் பக்கத்தை நான் எழுதிக் கொடுத்ததும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தார். அடுத்த பத்தையும் பார்த்தார். ஒரு பிழை இல்லை. மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தி, “நீங்க கண்ணால பாத்து எழுதற ஆளு. மனசுல இருந்து எழுதறதில்ல” என்றார். அவர் ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

நோட்டைச் சபையில் வைத்தபோது மண்டிக்காரர் ஓரத்தைப் பார்த்து, “என்னம்மா, காதும் கண்ணுமா இருக்குது. மூக்கக் காணமே?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

“மோப்பம் பிடிச்சு எழுதறதில்லைங்க” என்றார் இவர்.

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். மண்டிக்காரர் சிரிப்பது பாதியில் நின்றது. கோடுகள் போய்ச் சேர்கிற இடத்தில் தன் கிடங்கு இருப்பதைப் பார்த்துவிட்டார். அந்த முகத்தை நான் பார்த்தேன். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான், எழுதினால் என் பாரம் குறையும். ஆனால் அவர் முகத்தில் அப்போது சூது இல்லை. தன் பிள்ளையைக் கொன்றது தன் கிடங்கு என்று ஒரு நோட்டு சொல்வதைப் படித்த தகப்பன் முகம் அது.

அந்தச் சமயத்தில் கொட்டகைகளில் நோயாளிகள் கூடிப்போய், அந்த அம்மாளை அங்கே வரச்சொல்லிவிட்டார்கள். அவர் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். முழு அறிக்கைக்கும் நல்ல நகல் எழுதும் வேலை எனக்கு. மண்டிக்காரர் ஒரு நாள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நோட்டைப் புரட்டினார்.

“இந்தப் படமெல்லாம் கண்ண உறுத்துது தம்பி” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எழுதாதே என்று சொல்லவில்லை. பிறகு வேறு பேச்சாக, மண்டிக்குப் பின்னால் ஓட்டு வீடு காலியாக இருப்பதைச் சொன்னார். வாசலிலேயே குழாய் இருக்கிற வீடு. அந்த வீட்டை நான் இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். “உம் பொண்டாட்டி இன்னும் படிக்கெணத்துக்குத்தான் போறாளா?” என்றார். அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. முடிச்சுப் போட்டவன் நான்.

நகல் எழுதுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. மூலத்தின் ஓரத்தில் இருப்பது நகலில் வராது. ஓரம் எழுதினவரின் சொந்த இடம், கூட்டலும் கிறுக்கலும் அங்கே இருக்கும், நகலில் நடுப்பகுதி மட்டும்தான். எல்லா எழுத்தருக்கும் தெரிந்த விதி. நான் அந்த விதிப்படி எழுதினேன். ஓர் எழுத்தை மாற்றவில்லை. முனியம்மா சொன்னதையும் விடவில்லை. சுண்ணாம்பையும் விடவில்லை. ஏழு பேர் சொன்னது ஏழு பத்தி, முனியம்மா சொன்னது ஒரு பத்தி, எலி பார்க்கவில்லை என்று ஒரு வரி. தையற்காரர் மனைவி ‘நானே பார்த்தேன்’ என்று முதலில் சொன்னது நடுவில் இருந்தது. அவள் கேட்டுத்தான் சொன்னாள் என்பது ஓரத்தில் இருந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஏழு பேர் கண்ணால் கண்டதற்கு எதிராக ஒருத்தி பேசுவதாக இருந்தது. இது பொய் என்று எனக்குத் தெரியும். படித்தபோதே தெரியும். ஒரு சொல்கூடப் பொய்யில்லாத பொய்.

கையெழுத்துக்காகக் கொட்டகைக்குப் போனேன். அந்த அம்மாள் வெளியே பீப்பாய்த் தண்ணீரில் பினாயில் ஊற்றிக் கை கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. முழங்கை வரைக்கும் தோல் உரிந்திருந்தது.

“கிட்ட வராதீங்க. அங்கயே நில்லுங்க. முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சதுங்க.”

“ஒத்துப் பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க.”

“மாத்தம்?”

“ஒரு எழுத்து மாறலீங்க.”

என்னைப் பார்த்தார். நான் அவர் செருப்பைப் பார்த்தேன். உள்ளே யாரோ தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள்.

“உங்க நகல்ல நான் இதுவரைக்கும் தப்புக் கண்டதில்ல” என்றார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளைப் பெட்டி மேல் வைக்கச் சொல்லி, நான் விலகி நின்றபின் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

படிக்கக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். நான் கொண்டுபோனதே அந்தக் கடைசித் தாள் ஒன்றைத்தான்.

அறிக்கை அச்சாகி வந்தது. கேரியில் கடைக்குக் கடை கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் விசாரித்தவர் என்று அவர் பெயர், நகல் எழுதியவர் என்று என் பெயர், தலைவர் என்று மண்டிக்காரர் பெயர். வெற்றிலைக் கடையில் உட்கார்ந்து ஒருவர் உரக்கப் படித்தார். நான் அங்கே இருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், “சென்னம்மாவா இருக்குமா, எனக்கென்னமோ நம்பிக்கையில்ல” என்று இழுத்தார். அதற்கு வெற்றிலைக் கடைக்காரர் சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

“யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க பாரு. யாரு ஹேளித்ரம்மா. மழை வருதுன்னா கைய நீட்டிப் பாக்கற பொம்பள. அவங்களே எழுதிட்டாங்கன்னா மத்தெ வேற என்ன?”

சந்தேகப்பட்டவரும் தலையாட்டினார். வதந்தியாக இருந்தவரை சந்தேகப்படவாவது ஆள் இருந்தது. அந்த அம்மாள் வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டுச் சேர்த்த பெயரை எடுத்து, அதன் மேல் மேஸ்திரியின் பொய்யை நான் உட்கார்த்தி வைத்துவிட்டேன்.

சென்னம்மாவுக்கு அந்த வாரமே துணி போடுவதை நிறுத்தினார்கள். அடுத்த வாரம் அவள் புருஷனை ஏரியில் இறங்கவிடவில்லை. அவர்கள் போனதை நான் பார்த்தேன். கழுதை இல்லாததால் பானையையும் பெட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். மண்டி வாசலில் நின்ற என்னைப் பார்த்து, “என்னய்யா எழுதுனீங்க என்னப் பத்தி? எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்களாச்சும் சொல்லுங்க” என்றாள். நான் உள்ளே போய்விட்டேன். கொள்ளேகாலம் பக்கம் இருந்தாள் என்று பிறகு ஒருவர் சொன்னார். அவர் பார்த்தவர் அல்ல.

கொட்டகை வேலை முடிந்து அந்த அம்மாள் வந்தபோது சென்னம்மாவின் குடிசை காலியாகிவிட்டிருந்தது. நேரே மண்டிக்கு வந்தார். கையில் அறிக்கை.

“ஓரம் எங்க கிளார்க்கரே?”

“நகல்ல ஓரம் வராதுங்க. வழக்கம் அப்படிங்க.”

“வழக்கம் இருக்கட்டும். இதுக்கு யாரு சொன்னா?”

“தலைவருங்க.”

“வேண்டாம்னு சொன்னாரா? உங்க காதால கேட்டீங்களா?”

“கேட்டேனுங்க.”

அது என்னுடைய இரண்டாவது பொய். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். “என் நோட்டக் கொடுங்க” என்றார். கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவர் ஒரு காரியம் செய்தார். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, அறிக்கை வாங்கிய ஒவ்வொரு கடைக்கும் வீட்டுக்கும் போனார். “உங்க பிரதியக் கொஞ்சம் கொடுங்க, ஓரம் விட்டுப்போச்சு” என்று கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, அச்சடித்த பக்கத்தின் ஓரத்தில் காதும் கோடும் கையும் வரைந்தார். சிலர் கொடுத்தார்கள். சிலர் இல்லை என்றார்கள். பைத்தியம் என்றார்கள். சந்தை வழியாக அவர் போவதை மண்டி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். இப்போது அவரைப் பார்த்தால் யாரும் மழை வரப்போகுதாம் என்று சொல்வதில்லை. எல்லாப் பிரதியையும் முடித்தாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் கோலாருக்கே போய்விட்டார் என்று கேள்வி.

அதற்குள் நான் அந்த ஓட்டு வீட்டுக்குக் குடிவந்திருந்தேன். குழாயைத் திறந்து முதல் குடம் பிடித்த அன்று என் மனைவி அழுதாள், சந்தோஷத்தில். பத்தொன்பது வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். ஒருநாளும் அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.

போன மாதம் வெற்றிலைக் கடையை எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் கிழவராகிவிட்டார். சாமான்களைக் காலி செய்யும்போது என்னைக் கூப்பிட்டு, “இது உங்க சபை புஸ்தகம்தானே, வச்சுக்குங்க. அந்தம்மா வந்து கிறுக்கிட்டுப் போன பிரதி” என்று அறிக்கையைக் கொடுத்தார். சுண்ணாம்புக் கறையும் வெற்றிலைக் கறையுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து விரித்தேன். ஏழு காதுகளும் இருந்தன. கோடுகள் மேஸ்திரியிடம் போயிருந்தன. முனியம்மாவின் கண்ணும் அதன் பக்கத்துச் சின்னக் கையும் இருந்தன. கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினேன். விசாரித்தவர் என்ற அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு காது. அவர் தனக்கே வரைந்துகொண்டது. அதிலிருந்து ஒரு கோடு என் பெயருக்கு வந்திருந்தது. என் பெயரிலிருந்து தலைவர் பெயருக்கு ஒரு கோடு போட்டு, ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது. நான் சொன்னதை எழுதிவிட்டு, பிறகு அந்த அம்மாள் தலைவரிடமே போய்க் கேட்டிருக்கிறார். தலைவர் அப்படிச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அழித்திருக்கிறார். கோடு என்னோடு நின்றுவிட்டது.

என் பெயருக்குப் பக்கத்தில் கை இல்லை. வெகுநேரம் தேடினேன். கறைக்கு அடியில் இருக்குமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை. நான் என்ன வாங்கினேன் என்பதை அவர் பார்க்கவில்லை. பார்க்காததை அவர் வரையமாட்டார்.

பென்சிலைச் சீவி எடுத்து நானே வரைந்தேன். எனக்குப் படம் வராது, ஐந்து விரலும் ஒரே நீளமாக விழுந்தன. அந்தக் கைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணையும் வரைந்தேன். இது கேட்டது அல்ல.